சார்ஜ் ஏறும் நேரம் யாருடைய நேரம்?

தலைநகர் தில்லியிலும் அதை ஒட்டிய குருகிராம், நொய்டா பகுதிகளிலும் உள்ள பொதுச் சார்ஜிங் நிலையங்களில் பிற்பகல் வேளைகளில் வாடகைக் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. காலை நேர அலுவலகச் சவாரிகளில் பேட்டரியின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. மாலைச் சவாரிகள் தொடங்குமுன் அது மீண்டும் நிரம்பியாக வேண்டும். அந்த இடைவெளியில் வண்டியைவிட்டு இறங்கி நிற்கும் ஓட்டுநர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் வண்டிகளைப் பற்றித்தான். எந்த வண்டி உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எதில் சார்ஜ் விரைவாக ஏறுகிறது, எதன் பின்பெட்டியில் விமான நிலையப் பயணியின் இரண்டு பெரிய பெட்டிகள் கொள்ளும், எதன் இருக்கை பத்து மணி நேரத்திற்குப் பின் இடுப்பை வதைக்கிறது, எதன் ஏ.சி. மே மாத வெயிலில் தாக்குப் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றும் அங்கே எடைபோடப்படுகிறது.

இதே கார்கள் இன்னோர் இடத்திலும் ஒப்பிடப்படுகின்றன. நாளேடுகளின் வாகனப் பக்கங்களிலும் தொலைக்காட்சி விளம்பரங்களிலும் நடக்கும் அந்த ஒப்பீட்டில், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும், திரை எத்தனை அங்குலம், மேற்கூரை கண்ணாடியா, இரவில் முன்விளக்கு எந்த வடிவில் ஒளிரும் என்பவையே கேள்விகள். முதல் ஒப்பீட்டைச் செய்பவர் காரில் நாளெல்லாம் உழைப்பவர்; இரண்டாவது ஒப்பீடு காரை வாங்குபவருக்கானது. காரின் வடிவமைப்பு எந்த ஒப்பீட்டைப் பின்பற்றி மாறுகிறது என்பதில் ஒரு வர்க்க உண்மை அடங்கியிருக்கிறது. ஓட்டுநர் தொழிலாளரிடையே பணியாற்றும் தோழர்கள் அதைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

ஒரு சான்று போதும். 2021ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில் டாடா மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ ஒரே உடலமைப்பு கொண்ட இரண்டு மின்சாரக் கார்களை அடுத்தடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒன்று தனிநபர்களுக்கான டிகோர் இ.வி. மற்றது வாடகை வண்டி நிறுவனங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட எக்ஸ்பிரஸ்-டி. முதலாவதில் 26 கிலோவாட் மணி பேட்டரி. சான்றளிக்கப்பட்ட ஓட்டம் 306 கிலோமீட்டர். விரைவு சார்ஜரில் 80 விழுக்காடு ஏற ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரண்டாவதன் பெரிய வகையில் 21.5 கிலோவாட் மணி பேட்டரி. சான்றளிக்கப்பட்ட ஓட்டம் 213 கிலோமீட்டர். 80 விழுக்காடு ஏற 110 நிமிடம். அதாவது சிறிய பேட்டரிக்குக் கூடுதல் நேரம். வாரத்தில் சில முறை அலுவலகத்திற்கும் கடைவீதிக்கும் சென்றுவரும் உரிமையாளருக்கு விரைவாகச் சார்ஜ் ஏறும் வண்டி. அன்றாடம் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டிய தொழிலாளிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏறும் வண்டி.

இதைப் பொறியியல் தவறு என்று கருதிவிடக் கூடாது. வாடகை வண்டியை வாங்குபவர் ஓட்டுநர் அல்லர். வண்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கும் நிறுவனம். அந்த நிறுவனத்திற்கு முதன்மையானது விலை. குறைந்த மின்னழுத்த அமைப்பும் சிறிய மோட்டாரும் விலையைக் குறைக்கின்றன. கூடுதலாகும் ஐம்பது நிமிடம் நிறுவனத்தின் கணக்கேட்டில் எங்கும் செலவாக எழுதப்படுவதில்லை, ஏனெனில் அந்த நேரத்திற்கு அது கூலி கொடுப்பதில்லை. ஒரு நாளில் இருமுறை சார்ஜ் ஏற்ற நேர்ந்தால் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் அவ்வாறு கழிகிறது. வரிசையில் காத்திருக்கும் நேரம் தனி. பின்னாளில் இந்தப் பிரிவுக்கும் பெரிய பேட்டரியும் உயர் மின்னழுத்த அமைப்பும் வந்தன என்பது உண்மையே. ஆயினும் தொடக்கத்தில் எது விட்டுக்கொடுக்கத் தக்கது என்று கருதப்பட்டது என்பதே இங்கு கவனத்திற்குரியது.

சான்றளிக்கப்பட்ட ஓட்டம் என்ற சொல்லும் ஆராயத்தக்கது. ஆய்வுக்கூடத்தில் வரையறுக்கப்பட்ட வேகத்தில் உருளைகளின்மீது ஓட்டிப் பெறப்படும் எண் அது. சாலையில் ஏ.சி. ஓடும், நெரிசல் இருக்கும், நான்கு பேர் ஏறியிருப்பர், மேம்பாலங்கள் ஏறி இறங்க வேண்டியிருக்கும். இந்த இடைவெளியை நிறுவனங்களே இப்போது ஒப்புக்கொள்ளத் தொடங்கியுள்ளன. நெக்ஸான் இ.வி.யின் 45 கிலோவாட் மணி வகைக்குச் சான்றளிக்கப்பட்ட எண் 489 கிலோமீட்டர். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு நடைமுறையில் கிடைப்பது என்று அந்த நிறுவனமே சொல்வது சுமார் 350 முதல் 370. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காகிதத்திலேயே கரைந்துவிடுகிறது. சொந்தக் காருக்கு இது ஏமாற்றம் மட்டுமே. தவணை கட்டும் வாடகை வண்டி ஓட்டுநருக்கோ வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு. முப்பது விழுக்காடு சார்ஜ் மீதமிருக்கையில் நெடுந்தொலைவுச் சவாரி வந்தால் அதை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி எழுகிறது. மறுத்தால் செயலி அவரது மதிப்பீட்டைக் குறைக்கும். ஏற்றால் திரும்பும் வழியில் வண்டி நின்றுபோகும் அச்சம். விளம்பரத்தில் எண்ணைப் பெரிதாக அச்சிட்டவர் இந்த இரண்டு இழப்புகளிலும் பங்கேற்பதில்லை.

அண்மை வரலாறும் இதையே சொல்கிறது. 2017 மே மாதத்தில் நாக்பூரில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரியும் மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிசும் மின்சார வாடகை வண்டித் திட்டம் ஒன்றை ஆரவாரமாகத் தொடங்கிவைத்தனர். ஓலா நிறுவனமும் மகிந்திராவும் இணைந்து நடத்திய அத்திட்டத்தில் கார், ஆட்டோ, ஈ-ரிக்‌ஷா, பேருந்து என்று சுமார் இருநூறு வண்டிகள் இருந்தன. ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே ஓட்டுநர்கள் பலர் காரைத் திருப்பிக்கொடுத்துவிட்டு டீசல் வண்டிக்கே போகிறோம் என்றனர். சார்ஜிங் நிலையத்தில் மணிக்கணக்கான காத்திருப்பும் இயக்கச் செலவும் கட்டுப்படியாகவில்லை. அதே காலத்தில் ஒன்றிய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் பத்தாயிரம் மின்சாரக் கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, முதல் வண்டிகளை தில்லியின் அரசு அலுவலகங்களுக்கு அனுப்பியது. ஒருமுறை ஏற்றினால் எண்பது கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று உயர் அதிகாரிகள் அவற்றில் ஏற மறுத்தனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதிகாரிகள் மறுத்தபோது காரின் குறை செய்தியாயிற்று. ஓட்டுநர்கள் மறுத்தபோது அவர்களுக்குப் புதுமையை ஏற்கும் மனப்பக்குவம் இல்லை என்ற உரையே பரவிற்று.

வடிவமைப்பு மாற்றங்களுக்கு வருவோம். கடந்த சில ஆண்டுகளில் மின்சாரக் காரின் உட்புறத்தில் பொத்தான்களும் திருகிகளும் ஒவ்வொன்றாக மறைந்து, தொடுதிரை அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2023 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட நெக்ஸான் இ.வி.யில் ஏ.சி.யைக் கூட்டவும் குறைக்கவும் தொடுபலகை வந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த மகிந்திராவின் எக்ஸ்.இ.வி. 9இ காரில் பக்கம் பக்கமாக மூன்று திரைகள். கதவின் கைப்பிடியும் உடலோடு உடலாக உள்ளே பதிந்துவிட்டது. காட்சிக்கூடத்தில் நின்று பார்ப்பவருக்கு இவை எழில். நள்ளிரவு மூடுபனியில் யமுனா விரைவுச்சாலையில் ஓட்டுபவருக்கு முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்க ஒரு பொத்தான் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையில் தேடும் நொடிகள் உயிருக்கு விலையாகக் கூடியவை.

ஐரோப்பாவில் வாகனப் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, சிக்னல் விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றிற்குக் கைக்குத் தட்டுப்படும் தனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பதை 2026 முதல் தன் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பொத்தான்களை நீக்கியது பிழை என்பதை ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே ஒப்புக்கொண்டு அவற்றைத் திரும்பக் கொண்டுவருகிறது. விபத்தின்போது மின்சாரம் துண்டித்தால் உள்ளே பதிந்த கைப்பிடி வெளியே வராது என்பதால் சீனா அத்தகைய கைப்பிடிகளை 2027 முதல் தடைசெய்கிறது. இங்கே அது இன்னும் உயர்ரகத்தின் அடையாளமாக விற்கப்படுகிறது. வாடகைக் காருக்குள் ஏறத் தெரியாமல் வெளியே தடவிக்கொண்டு நிற்கும் முதிய பயணிக்காக ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் இறங்கிவந்து கதவைத் திறந்துவிடுவது தில்லியில் இப்போது வேடிக்கைக் கதையாகப் பேசப்படுகிறது.

வேடிக்கையாக இல்லாத இன்னொரு மாற்றம், சார்ஜ் ஏற்றும் முனை. தொடக்க ஆண்டுகளில் அரசு வகுத்த பாரத் டி.சி.-001 என்ற தரத்திற்கேற்ப 15 கிலோவாட் சார்ஜர்கள் நிறுவப்பட்டன. தொடக்ககால வாடகை வண்டிகளும் அதே முனையோடு வந்தன. பின்னர் தனியார் கார்கள் சி.சி.எஸ்.-2 என்ற வேறு முனைக்கு மாறின. புதிய நிலையங்கள் அதற்கேற்ப அமைந்தன. பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கிய ஓட்டுநர், அருகில் புத்தம் புதிய நிலையம் இருந்தும், முனை பொருந்தாமல் பழைய சார்ஜரைத் தேடி ஊரைச் சுற்றும் நிலை உருவாயிற்று. 2024 டிசம்பர் நிலவரப்படி நாட்டில் 25,202 பொதுச் சார்ஜிங் நிலையங்கள் உள்ளன என்பது அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு. தன் வண்டிக்குப் பொருந்துவது எத்தனை, வேலை செய்வது எத்தனை என்பதே ஓட்டுநரின் கணக்கு.

இவ்வளவும் மின்சாரக் காருக்கு எதிரான வாதம் அன்று. ஓட்டுநர்களே அதன் நன்மைகளை முதலில் சொல்கிறார்கள். நெரிசலில் நாளொன்றுக்கு ஆயிரம் முறை கிளட்ச்சை மிதித்த இடது முழங்காலுக்கு விடுதலை கிடைத்திருக்கிறது. என்ஜின் அதிர்வு இல்லை. மாலையில் காதுக்குள் இரைச்சல் இல்லை. சி.என்.ஜி. உருளை பின்பெட்டியை அடைத்துக்கொண்டிருந்த இடம் பயணியின் பெட்டிக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. பிரேக்கிடும்போது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் அமைப்பைப் பழகிக்கொண்டவர்கள் நெரிசலில் வலது காலுக்கும் ஓய்வு தருகிறார்கள். (பின்னிருக்கைப் பயணிக்குக் குமட்டாமல் இருக்க அதைக் குறைந்த நிலையில் வைக்க வேண்டும் என்பதும் அவர்கள் அனுபவத்தில் கண்டது, காருடன் வரும் கையேட்டில் கற்றதன்று.) எல்லாவற்றிற்கும் மேலாக, தில்லியின் நவம்பர் காற்றை நாளெல்லாம் திறந்த வெளியில் சுவாசிப்பவர்கள் ஓட்டுநர்களும் கட்டுமானத் தொழிலாளரும் நடைபாதை வணிகரும்தாம். புகை குறைவதால் முதற்பயன் பெறுவோரும் அவர்களே. ஆகவே சிக்கல் இயந்திரத்தில் இல்லை. அதைச் சுற்றி அமைந்துள்ள செலவுப் பங்கீட்டில் இருக்கிறது.

அந்தப் பங்கீட்டை எண்களில் காணலாம். தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மின்வாகனச் சார்ஜுக்கு நிர்ணயித்த அடிப்படைக் கட்டணம் தாழ்வழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உடையவர் இரவில் அந்த இணைப்பில் ஏற்றிக்கொள்கிறார். ஏ.சி. ஓடும் சிறிய கார் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், மேல்வரிகளை விட்டுவிட்டுப் பார்க்கையில், அவருக்குக் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 65 காசை ஒட்டி வரும். சங்கம் விகாரிலோ கோடா காலனியிலோ குறுகிய சந்தில் ஓரறை வாடகைக்கு இருக்கும் ஓட்டுநருக்கு இரவில் செருக இடம் ஏது? அவர் தனியார் விரைவு நிலையத்திற்குச் செல்கிறார். அங்கே யூனிட் விலை 20 ரூபாயை ஒட்டி நிற்கிறது; அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாயைத் தாண்டிவிடுகிறது. கிலோ 75 ரூபாய்க்கு மேல் விற்கும் சி.என்.ஜி.யில் ஓடும் காருக்கும் ஏறத்தாழ இதே செலவுதான். குறைந்த கட்டணம் வாங்கும் நிலையங்கள் சில உண்டு. அவற்றில் பெரும்பாலும் வேகம் குறைவு, ஆகவே இழப்பு பணத்திலிருந்து நேரத்திற்கு இடம் மாறுகிறது.

மின்சாரக் கார் வாங்க 2019 ஆகஸ்ட் முதல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. அந்தக் காருக்குப் பொது நிலையத்தில் சார்ஜ் ஏற்ற 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வீட்டில் ஏற்றும் மின்சாரத்திற்கு ஜி.எஸ்.டி.யே இல்லை. அறுபது லட்சம் ரூபாய் மின்சாரக் காரை வாங்குபவருக்கு 5. அன்றாடம் இருநூறு ரூபாய்க்குச் சார்ஜ் ஏற்றுபவருக்கு 18. இந்த மூன்று எண்களையும் எந்த நிதியமைச்சரும் ஒரே மேடையில் சேர்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

இப்போது பேட்டரியே வாடகைக்கு விடப்படுகிறது. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ட்சர் காரைப் பேட்டரி இல்லாத விலையாக 9.99 லட்சத்திற்கு வாங்கி, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு கட்டும் முறை அறிமுகமாயிற்று. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்திற்கு அது 5,250 ரூபாய். இம்முறை வாடகை வண்டித் தொழிலுக்குள் நுழைந்தால், மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டும் தொழிலாளிக்கு 17,500 ரூபாய். சார்ஜ் செலவு அதற்குமேல். உழைக்க உழைக்கக் குத்தகை கூடும் இந்த ஏற்பாடு தஞ்சைத் தரணியின் வாரக் குத்தகையை நன்கறிந்த ஓர் இயக்கத்திற்குப் புதிதாகத் தோன்றாது.

பணக்கணக்கைவிட ஆழமானது நேரக்கணக்கு. உற்பத்திக்கு ஆகும் நேரம் முழுவதும் உழைப்பு நேரம் அன்று என்பதை மார்க்ஸ் மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் விரித்துரைக்கிறார். நிலத்தில் விதை முளைக்கும் நாட்களும் தொட்டியில் தோல் பதப்படும் நாட்களும் அத்தகையவை. உழைப்பு நின்றிருக்க, இயற்கை தன் வேலையைச் செய்யும் காலம் அது. ஆலை முதலாளி அக்காலத்தைத் தன் மூலதனத்தின் முடக்கமாகக் கண்டு அதைச் சுருக்க விரும்பினார், ஏனெனில் இழப்பு அவருடையது. செயலி நிறுவனம் இதில் ஒரு படி மேலே போய்விட்டது. வண்டி ஓட்டுநருடையது, கடன் ஓட்டுநருடையது, சார்ஜ் ஏறும் நேரமும் ஓட்டுநருடையது. முடக்கம் முழுவதும் தொழிலாளியின் தோளில் இறக்கிவைக்கப்பட்ட நிலையில் அதைச் சுருக்க நிறுவனத்திற்கு எந்த நெருக்கடியும் இல்லை.

இவ்வாறு சுமையை ஏற்பவரை நிறுவனங்கள் பார்ட்னர் என்று அழைக்கின்றன. அதைத் தமிழாக்கினால் பங்காளி. தமிழில் பங்காளி என்றால் சொத்தில் உரிமையுடையவர். பங்கு கிடைக்காவிட்டால் வழக்குத் தொடுப்பவர். இந்தப் பார்ட்னருக்கோ பங்கும் இல்லை, வழக்குத் தொடுக்கத் தொழிலாளி என்ற சட்டத் தகுதியும் இல்லை. ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட செயலி வாகன நெறிமுறைகள், சொந்த வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு சேர வேண்டும் என்கின்றன. சவாரி நடந்த நேரத்திற்கு மட்டுமே கட்டணம் உண்டு. சார்ஜ் ஏறிய நேரத்தில் 80 விழுக்காடு என்பது சுழியில் 80 விழுக்காடு.

இதற்கு மாற்று இல்லையா? இருந்தது, அதன் முடிவும் பாடமாக அமைந்தது. புளூஸ்மார்ட் என்ற நிறுவனம் தில்லி வட்டாரத்திலும் பெங்களூருவிலும் முழுக்க மின்சாரக் கார்களைக் கொண்டே வாடகை வண்டிச் சேவை நடத்தியது. கார் ஓட்டுநருடையது அன்று. நிறுவனத்தின் சொந்த நிறுத்தகங்களில் சார்ஜ் ஏறியது. வண்டிக் கடன் இல்லை என்பதாலேயே பலர் அங்கே சேர்ந்தனர். பெண் ஓட்டுநர்களும் கணிசமாக இருந்தனர். அங்கும் ஓட்டுநர் பார்ட்னர்தான். பணிப் பாதுகாப்பு ஏதும் இல்லை. ஆயினும் சார்ஜிங் ஏற்பாடு தொழிலாளியின் தனிப்பட்ட தலைவலியாக இருக்க வேண்டியதில்லை என்பதை அது நடைமுறையில் காட்டிற்று.

அந்தக் கார்களில் பெரும்பகுதியை வாங்கிக் குத்தகைக்குத் தந்தது ஜென்சோல் என்ஜினியரிங். 2025 ஏப்ரல் 15 அன்று செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவின்படி, ஐ.ஆர்.இ.டி.ஏ., பி.எஃப்.சி. என்ற இரண்டு பொதுத்துறை நிதி நிறுவனங்களிடம் ஜென்சோல் பெற்ற கடன் 977.75 கோடி ரூபாய். அதில் 663.89 கோடி 6,400 மின்சாரக் கார்கள் வாங்குவதற்கானது. வாங்கப்பட்டவை 4,704. நிறுவனமும் தன் பங்கைச் சேர்த்திருக்க வேண்டும் என்ற கணக்கில் சுமார் 262 கோடிக்கு விவரம் இல்லை. பணம் வேறு வழிகளில் திருப்பப்பட்டு, குருகிராமின் ஆடம்பரக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்குவதுவரை சென்றதாக அந்த உத்தரவு முதல்நோக்கில் கண்டறிந்தது. உத்தரவு வந்த ஓரிரு நாட்களிலேயே செயலியில் முன்பதிவு நின்றது. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் ஒரே இரவில் வேலையிழந்தனர். நல்ல நிலையில் இருந்த கார்கள் நிறுத்தகங்களில் தூசிபடிந்து கிடக்க, அவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் வெளியே நிலுவைத் தொகைக்காக நின்றனர்.

பொதுப்பணத்தில் வாங்கிய கார்கள் அவை. கடன் தந்த பொதுத்துறை நிறுவனங்கள் அவற்றை மீட்டு, ஓட்டுநர் கூட்டுறவு ஒன்றிடம் ஒப்படைத்திருக்க முடியாதா? இந்தக் கேள்வி கடன்தாரர் கூட்டங்களில் எழவில்லை. எழுப்ப வேண்டிய இடத்தில் தொழிற்சங்கமும் வலுவாக இல்லை என்பதையும் இங்கே நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்றிய அரசின் கொள்கை எத்திசையில் செல்கிறது? 2019 முதல் 2024 வரை நடந்த ஃபேம் இரண்டாம் கட்டத்தில் வாடகைக்கு ஓடும் மின்சாரக் கார்களுக்காவது மானியம் இருந்தது. 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் வாடகைக் காருக்கும் மானியம் இல்லை. பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கென 2,000 கோடி உண்டு. நிலையம் அமைந்தபின் அங்கே என்ன கட்டணம் வாங்கலாம் என்பதில் ஓட்டுநரின் குரலுக்கு இடமில்லை. மறுபுறம், 2024 மார்ச்சில் அறிவித்த திட்டத்தின்படி, இந்தியாவில் 4,150 கோடி முதலீடு செய்வதாக உறுதியளிக்கும் பன்னாட்டு நிறுவனம், 35,000 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள மின்சாரக் கார்களை ஆண்டுக்கு 8,000 வரை வெறும் 15 விழுக்காடு சுங்கவரியில் இறக்குமதி செய்யலாம். முன்பு அவ்வரி 70 விழுக்காடும் அதற்கு மேலும். டாலரில் விலை சொல்லப்படும் காருக்கு வரிச்சலுகை. உழைக்கும் காருக்கு மானிய மறுப்பு.

இதற்கிடையே தில்லியில் 2023 இறுதியில் அறிவிக்கப்பட்ட செயலி வாகனத் திட்டத்தின்படி, 2030 ஏப்ரல் 1க்குள் செயலி நிறுவனங்களின்கீழ் ஓடும் வண்டிகள் அனைத்தும் மின்சார வண்டிகளாக வேண்டும். கடமை சட்டப்படி நிறுவனத்தினுடையது. ஆனால் பெரிய செயலி நிறுவனங்களுக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. ஆகவே பழைய வண்டியை விற்று, புதிய கடன் வாங்கி, மாற வேண்டியவர் ஓட்டுநரே.

இது குறித்து நம் அணிகளிலேயே இரண்டு போக்குகள் காணப்படுகின்றன. மின்சார வண்டி என்பதே கார்ப்பரேட் சூழ்ச்சி, அதை எதிர்ப்பதே கடமை என்பது ஒன்று. காற்று தூய்மையாவதால் கேள்வியின்றி வரவேற்க வேண்டும் என்பது மற்றது. முதலாவது, முழங்கால் வலி குறைந்தது என்று சொல்லும் ஓட்டுநரிடம் எடுபடாது. இரண்டாவது, பிற்பகல் வரிசையில் நிற்பவரிடம் எடுபடாது. சீனத்தின் ஷென்ஜென் நகரம் 2017 இறுதியில் தன் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளையும், அடுத்த ஆண்டில் சுமார் இருபத்தோராயிரம் டாக்சிகளில் ஏறத்தாழ அனைத்தையும் மின்சாரத்திற்கு மாற்றியது. அங்கும் காத்திருப்பு குறித்த முறையீடுகள் எழாமலில்லை. ஆனால் வண்டி மானியம், சார்ஜிங் நிலையம் என்ற இரண்டையும் பொது அதிகாரம் ஒரே திட்டமாகக் கையிலெடுத்தது. பொதுப் பேருந்தை முதலில் மாற்றிய அந்த வரிசைமுறையும் கருதத்தக்கது.

தொழிற்சங்கம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் சார்ஜிங் நிலையத்தின் பேச்சிலேயே இருக்கின்றன. அவற்றைத் திரட்டி எழுத்தாக்குவதே எஞ்சிய வேலை. செயலியில் இணைந்திருக்கும் ஓட்டுநர் சார்ஜ் ஏற்றும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிட்டு, அதற்கு நிறுவனம் குறைந்தபட்சத் தொகை தர வேண்டும். பேட்டரி குறைந்த நிலையில் சவாரியை மறுப்பதற்காக மதிப்பீட்டைக் குறைக்கக் கூடாது. பொதுச் சார்ஜுக்கான 18 விழுக்காட்டை வண்டிக்கான 5 விழுக்காட்டுக்கேனும் இறக்க வேண்டும். டி.டி.சி. பணிமனைகளில் பேருந்துக்கென அமையும் சார்ஜர்களைப் பகல் வேளையில் வாடகை வண்டிகளுக்கும் அரசுக் கட்டணத்தில் திறந்துவிட வேண்டும். மின்னிணைப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வாடகை வண்டியாக விற்கப்படும் ஒவ்வொரு மாடலுக்கும் சாலையில் கிடைக்கும் ஓட்டத்தையும் சார்ஜ் ஏறும் நேரத்தையும் அச்சிட்டு அறிவிப்பது கட்டாயமாக வேண்டும்.

பட்டியலில் சேர்க்க மறக்கக் கூடாத ஒன்று கழிப்பறை. இரண்டு மணி நேரம் ஒருவர் காத்திருந்தாக வேண்டிய இடத்தில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பதைச் சார்ஜிங் நிலைய உரிமத்தின் நிபந்தனையாக்குவது எந்த அரசுக்கும் பெருஞ்செலவன்று. பெட்ரோல் நிலையங்களில் வாகனம் ஐந்து நிமிடமே நிற்கிறது. அங்கே கழிப்பறை கட்டாயம். பெண் ஓட்டுநர்கள் முதலில் சொல்லும் குறை இதுவே.